பதம் பிரிக்கும் நொதி

பழைய ஏட்டுச் சுவடிகளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே அங்கே வெளி இராது. மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கமும் பெரும்பாலும் இல்லை. ஓலையின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை எழுத்துக்கள் சங்கிலிபோலத் தொடர்ந்து செல்லும். அச்சங்கிலியைத் தக்க இடங்களில் பிரித்தால்தான் பொருள் கிட்டும். பலகையொலி என்று சேர்ந்து நிற்பதைப் பலகை ஒலி என்று ஒருவர் பிரிப்பார். பல கை ஒலி என்று மற்றொருவர் பிரிப்பார். இதற்குப் பதம் பிரித்தல் என்று பெயர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இதன் அருமையும் தெரியும், தொல்லையும் தெரியும். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளும் ஒருவகையில் பதம் பிரித்தலே. ஆனால் பிரிப்பது புலவர் அல்லர். கண்ணுக்குப் புலப்படாத ஒரு நொதி. அது பிரிக்கும் சங்கிலி, எச்.ஐ.வி. என்னும் வைரசின் புரதச் சங்கிலி. அந்நொதியின் உருவத்தைப் படிகத்தின் துணைகொண்டு கண்டறிந்ததால் எத்தனையோ குடும்பங்களில் விளக்கு அணையாமல் நிற்கிறது.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும் நீண்ட மாலை. இருபது வகை அமினோ அமிலங்கள் அதன் மணிகள். நொதி என்பது உடலில் இரசாயன மாறுதல்களை விரைவுபடுத்தும் பொருள். பெரும்பாலான நொதிகள் தாமும் புரதங்களே. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்புத் தட்டுவது உமிழ்நீரிலுள்ள ஒரு நொதியின் வேலை. புரத மாலையை அறுக்கும் நொதிகளும் உண்டு. நம் இரைப்பையிலுள்ள பெப்சின் அவ்வகையினது. பெப்சின் அறுப்பது செரிப்பதற்காக. கிடைத்ததையெல்லாம் துண்டாக்குவதே அதன் தொழில். வேறு சில நொதிகளோ ஆக்குவதற்காக அறுப்பவை. ஒரே நீளமாகப் பிறந்த புரதத்தைக் குறித்த இடங்களில் மட்டும் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் வேலைக்குத் தகுதியாக்கி அனுப்புவன. நாம் பேசும் நொதி இந்த இரண்டாம் வகை.

எச்.ஐ.வி. வைரஸ் 1983-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பெற்றது. அது நம் உயிரணுவினுள் புகுந்ததும் தனக்கு வேண்டிய புரதங்களை ஒவ்வொன்றாகச் செய்துகொள்வதில்லை. மிகச் சிறிய கைம்முதலைக்கொண்டு பெருவாணிகம் நடத்தும் சாமர்த்தியசாலி அது. மேலுறைக்கு உள்ளே அமையவேண்டிய புரதங்களையும் தனக்கு வேண்டிய நொதிகளையும் ஒரே தொடராக, நீண்ட சங்கிலிகளாக நம் உயிரணுவைக்கொண்டே செய்வித்துக்கொள்கிறது. பின்னர் பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் அச்சங்கிலிகள் வெட்டப்படவேண்டும். வெட்டும் நொதியும் அச்சங்கிலிக்குள்ளேயே ஒரு பகுதியாக அடங்கிக் கிடக்கிறது என்பதுதான் வியப்பு. அரிவாளும் விறகுக் கட்டுக்குள்ளே! அது முதலில் தன்னைத்தானே விடுவித்துக்கொண்டு, பிறகு மற்றவற்றைப் பிரிக்கிறது. பிரித்த பின்னரே புதிய வைரசின் உட்கரு கூம்பு வடிவம் பெற்று, இன்னோர் உயிரணுவைத் தாக்கும் ஆற்றல் அதற்கு வருகிறது. 1988-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் இந்நொதியில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றிப் பார்த்தார்கள். வைரஸ் துகள்கள் பிறந்தன. ஆனால் அவை மலடாகவே இருந்தன. தொற்றும் வலிமை அவற்றுக்கு இல்லை. ஆகவே, இந்நொதியின் வாயை அடைத்துவிட்டால் நோயின் பரவலை உடலுக்குள்ளேயே தடுக்கலாம் என்பது உறுதியாயிற்று.

அடைப்பதென்றால் பூட்டின் துவாரம் தெரியவேண்டும். துவாரம் தெரியாமல் சாவி செய்ய இயலாது. ஆனால், எவ்வாறு பார்ப்பது? கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 4,000 முதல் 7,000 ஆங்ஸ்ட்ராம் வரை. ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. புரதத்தில் அணுவுக்கும் அடுத்த அணுவுக்கும் இடைத்தொலைவோ ஏறத்தாழ ஒன்றரை ஆங்ஸ்ட்ராம். கைப்பிடிக் கோடரியால் கடுகைத் துளைக்க முடியுமா? எத்துணைச் சிறந்த உருப்பெருக்கியாயினும் சாதாரண ஒளியைக்கொண்டு அணுக்களைக் காட்ட வல்லதன்று. எக்ஸ்-கதிரின் அலைநீளம் இதற்குப் பொருத்தமானது; ஆயினும் புரத அணுக்களைப் படம் பிடிக்கும் வகையில் அக்கதிரை வளைத்துக் குவிக்கும் கண்ணாடி வில்லை கிடையாது. ஒரே ஒரு மூலக்கூறின்மேல் அதைப் பாய்ச்சினால் சிதறி வரும் கதிர் கணக்கில் வராத அளவுக்கு மெலிந்தது. இங்கேதான் படிகம் உதவிக்கு வருகிறது. கற்கண்டில் சர்க்கரை மூலக்கூறுகள் அணிவகுத்து நிற்பதுபோல், புரத மூலக்கூறுகளையும் வரிசையாக அடுக்கிப் படிகமாக்கிவிட்டால், ஊசிமுனையளவான ஒரு படிகத்திலேயே பல இலட்சம் கோடி மூலக்கூறுகள் ஒரே முகமாக நிற்கும். அவை யாவும் சேர்ந்து எக்ஸ்-கதிரைச் சிதறடிக்கும்போது, படத்தில் புள்ளிக் கோலம் விழுகிறது. கோலத்தின் புள்ளிகள் எங்கெங்கே உள்ளன, எவ்வளவு அழுத்தமாக உள்ளன என்று கணக்கிட்டு, உள்ளே அணுக்கள் நிற்கும் நிலையைப் பின்னோக்கி ஊகிக்கவேண்டும். புள்ளி வைத்துக் கோலம் போடுவது நம் வீட்டுப் பெண்களுக்கு எளிது. புள்ளிகளை மட்டும் காட்டி, கோட்டைக் கண்டுபிடி என்றால் யார்க்கும் கடினமே. அதற்கு வழிகண்ட மாக்ஸ் பெரூட்சும் ஜான் கென்ட்ரூவும் 1962-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர்.

இத்துறையின் முதற்படியை மிதித்தது பெப்சின்தான் என்பது சுவையான செய்தி. பெப்சினை 1930-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நார்த்ராப் என்பவர் படிகமாக்கியிருந்தார். ஆனால், புரதப் படிகத்தில் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சியவர்களுக்குத் தெளிவான கோலம் கிடைத்தபாடில்லை. 1934-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு உப்சாலாவில் ஜான் ஃபில்பாட் என்பவர் பெப்சின் கரைசலைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு, பனிச்சறுக்கு விளையாட விடுமுறையில் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால், குழாயில் இரண்டு மில்லிமீட்டர் வரை நீளமுள்ள படிகங்கள் பளபளத்தன. அங்கு வந்திருந்த கிளென் மில்லிகன் அக்குழாயைத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கேம்பிரிட்ஜில் ஜே. டி. பெர்னாலிடம் கொண்டுவந்து சேர்த்தார். பெர்னால் ஒரு படிகத்தை வெளியே எடுத்துக் காற்றில் வைத்துப் படம்பிடித்தார்; ஒன்றும் விழவில்லை. பிறகு நுண்ணோக்கியில் உற்று நோக்கினார். நீரிலிருந்து எடுத்ததும் படிகம் தன் ஒளிரும் தன்மையை இழப்பதைக் கண்டார். புரதப் படிகத்தில் பாதியளவு நீரே. உலர்ந்தால் உள்ளே வரிசை குலைந்துவிடும். உடனே, தாய்க் கரைசலோடு சேர்த்தே படிகத்தை மெல்லிய கண்ணாடிக் குழலில் அடைத்துப் படம்பிடித்தார். கோலம் விழுந்தது. அன்று அவருடைய மாணவி டோரதி குரோஃபுட் அருகில் இல்லை. தம் கைகளில் கண்டிருந்த மூட்டு வலியைக் காட்டுவதற்காக இலண்டனில் வைத்தியரிடம் சென்றிருந்தார். திரும்பி வந்து அவ்வேலையில் தாமும் சேர்ந்தார். இருவர் பெயரிலும் அவ்வாண்டே அச்செய்தி வெளியாயிற்று. வலித்த அந்தக் கைகளோடுதான் அவ்வம்மையார் பெனிசிலினின் உருவத்தையும் பின்னர் வைட்டமின் பி-12-இன் உருவத்தையும் கண்டறிந்து, 1964-ஆம் ஆண்டில் டோரதி ஹாட்ஜ்கின் என்ற பெயரில் நோபெல் பரிசு பெற்றார். பெப்சினின் உருவம் அணு அளவில் தெளிவதற்கோ ஏறத்தாழ நாற்பதாண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

தெளிந்தபோது என்ன கண்டார்கள்? முந்நூற்றுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட பெப்சின், ஒன்றையொன்று ஒத்த இரண்டு பாதிகளாக மடிந்திருந்தது. நடுவே ஒரு பிளவு. பிளவின் அடியில், பாதிக்கு ஒன்றாக, ஆஸ்பார்ட்டிக் அமிலம் என்னும் மணிகள் இரண்டு நேருக்கு நேர் நின்றன. வெட்டும் வேலை அவ்விரண்டினுடையது. எச்.ஐ.வி. நொதியிலோ 99 மணிகளே உள்ளன. பெப்சினின் பாதிக்குக்கூட அது வரவில்லை. ஆஸ்பார்ட்டிக் அமிலம் நிற்கவேண்டிய அடையாள இடமும் ஒன்றே ஒன்றுதான், 25-ஆவது இடத்தில். இதனைக் கண்ட இலண்டன் அறிஞர்களான லாரன்ஸ் பெர்ல், வில்லியம் டெய்லர் இருவரும் 1987-ஆம் ஆண்டில் ஒரு கருத்தை வெளியிட்டார்கள்: இது முழு நொதி அன்று, பாதி, ஒரே அச்சில் வார்த்த இரண்டு பாதிகள் சேர்ந்தே நொதியாகும் என்பது அவர்கள் ஊகம்.

பாக்குவெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டு பாக்கு வெட்ட இயலாது. இரண்டும் பொருந்தினால்தான் வெட்டும்.

ஊகம் மெய்தான் என்று 1989-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மெர்க் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் படிகத்தைக்கொண்டு காட்டினார்கள். அவர்கள் படத்தில் சங்கிலியின் நுனிகள் தெளிவாயிருக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் மேரிலாந்தில் அலெக்சாண்டர் வ்லோடாவரின் குழுவினர் தெளிவான உருவத்தை வெளியிட்டனர். அவர்கள் பயன்படுத்திய புரதம் எந்த உயிரணுவிலும் விளைந்தது அன்று! கலிபோர்னியாவில் ஸ்டீபன் கென்ட் என்பவர் 99 அமினோ அமிலங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக இரசாயன முறையில் கோத்துச் செய்தது. மூன்றாண்டுகளுக்குப் பின் அவரே, கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல இடவல மாற்றமான அமினோ அமிலங்களைக்கொண்டு அந்நொதியைத் திரும்பவும் செய்தார். அது கண்ணாடிப் பிம்பமான சங்கிலியை மட்டும் வெட்டியது. இயற்கையான சங்கிலியைத் தீண்டவில்லை. வலக்கையுறை இடக்கையில் ஏறாதன்றோ!

இவ்வுருவங்கள் கணக்கில் சரியா, தவறா என்று சோதிப்பதற்கு உலகெங்கும் ஓர் உரைகல் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், தம் துணைவர்களான இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963-ஆம் ஆண்டில் வெளியிட்ட வரைபடமே அது. புரத மாலை எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எங்கே அணுவோடு அணு மோதும் என்று அது காட்டும். படிக ஆய்வாளர் எந்த நாட்டினராயினும், எந்த மொழி பேசினும், தம் உருவத்தை அப்படத்தில் வைத்துப் பார்த்த பின்னரே வெளியிடத் துணிவர். அதற்கு வழங்கும் பெயரும் இராமச்சந்திரன் படம் என்பதே. மொழிபெயர்க்கத் தேவையில்லாத ஒரு கலைச்சொல்லை நாம் கண்டது இங்கேதான்.

இனி நொதியின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். இரண்டு பாதிகளும் அடியில் விரல்களைக் கோத்ததுபோல் பின்னிக்கொண்டிருக்கின்றன. நடுவே ஒரு சுரங்கம். அச்சுரங்கத்தின் தரையில் 25-ஆவது மணிகள் இரண்டும் அருகருகே நின்று, ஒரு நீர் மூலக்கூறைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மேலே, பாதிக்கு ஒன்றாக, அசையும் இரட்டைக் கதவுகள். புரதச் சங்கிலி உள்ளே வந்ததும் கதவுகள் அதன்மேல் கவிந்து மூடிக்கொள்கின்றன. ஏறத்தாழ எட்டு மணிகள் அளவான பகுதி சுரங்கத்துள் நீண்டு கிடக்கிறது. தரையிலுள்ள நீர் மூலக்கூறு இரு மணிகளுக்கு இடையிலுள்ள பிணைப்பைத் தாக்குகிறது, பிணைப்பு அறுகிறது, கதவு திறக்கிறது, துண்டுகள் வெளியேறுகின்றன. சங்கிலியின் எழுத்துக்களைப் படித்தா நொதி இடமறிகிறது? அன்று, சுரங்கத்தில் பொருந்தும் வடிவத்தைக்கொண்டே அறிகிறது. ஃபினைல் அலனினுக்கும் புரோலினுக்கும் இடையே அது வெட்டும். நம் உடலின் நொதிகள் அவ்விடத்தில் வெட்டுவது அரிது. இந்த ஒரு வேறுபாடு வைத்தியர்களுக்குக் கிடைத்த பெரும் பேறு. வைரசின் நொதியை அடைத்து, நம் நொதிகளைப் பெரும்பாலும் விட்டுவிடும் மருந்தைச் செய்யலாம் அன்றோ?

பிரிட்டனில் ரோஷ் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் அவ்வழியே சென்றார்கள். வெட்டப்படும் தறுவாயில் சங்கிலி எந்நிலையில் இருக்குமோ அந்நிலையைப் போலி செய்யும், ஆனால் வெட்ட முடியாத, ஒரு பொருளைச் செய்தனர். கல்லை விழுங்கிய பாக்குவெட்டிபோல் நொதி அதைக் கவ்விக்கொண்டு நின்றுவிடும். சாக்வினவிர் என்னும் அம்மருந்துக்கு 1995-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அடுத்த மார்ச்சிலேயே ரிட்டோனவிர், இண்டினவிர் இரண்டும் வந்தன. இவ்வகை மருந்தை வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது பலன் கண்கூடாயிற்று. அமெரிக்க நாட்டில் எயிட்ஸ் நோயால் நேர்ந்த மரணங்கள் 1996-க்கும் 1997-க்கும் இடையே ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

படிகம் கொடுத்தது, படிகமே ஒருமுறை கெடுத்தது என்பதையும் சொல்லவேண்டும். 1998-ஆம் ஆண்டில் ரிட்டோனவிர் மருந்தைத் தயாரிக்கும் ஆலையில், அதுவரை எவரும் காணாத வேறு வடிவப் படிகம் அம்மருந்தில் தோன்றியது. மூலக்கூறு அதுவேதான்; அடுக்கிய முறைதான் வேறு. ஆனால், புதிய படிகம் எளிதில் கரையவில்லை. கரையாத மருந்து உடலில் சேராது. கூட்டுக் குளிகைகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்று, நோயாளிகளுக்குக் குமட்டும் சுவையுள்ள திரவத்தையே சில காலம் கொடுக்க நேர்ந்தது.

வைரசும் சும்மா இருப்பதில்லை. அது தன் மரபுச் செய்தியைப் பிரதியெடுக்கையில் பிழை மலிந்த எழுத்தரைப்போல் நடந்துகொள்கிறது. அப்பிழைகளுள் ஒன்று, நொதியின் சுரங்கச் சுவரில் ஒரு மணியை மாற்றிவிடலாம். அப்போது மருந்து பொருந்தாது. சங்கிலி மட்டும் ஒருவாறு பொருந்தும். மருந்தை இன்று உண்டு நாளை விட்டு, ஒழுங்கின்றிக் கொள்பவர் உடலில் இத்தகைய வைரஸ் செழித்துப் பெருக இடமுண்டு. இதற்கு மாற்றுத் தேடியவர்களுள் ஒருவர் கொல்கத்தாவிலும் கான்பூரிலும் பயின்று அமெரிக்கா சென்ற அருண் கோஷ். மணிகள் மாறலாம், மணிகளைக் கோத்த நூல் மாறாது. ஆகவே நூலைப் பற்றிக்கொள்ளும் மருந்தே நிலைக்கும் என்பது அவர் எண்ணம். படிக உருவங்களைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய தாருணவிர் என்னும் அம்மருந்து 2006-ஆம் ஆண்டில் அனுமதி பெற்றது. நம் நாட்டு ஆய்வுக்கூடங்களிலும் இப்பணி நடந்துள்ளது. மும்பைக்கு அருகே டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தில், எம். வி. ஹோசூரின் குழுவினர் இந்நொதியின் படிகத்தினுள் சங்கிலியை ஊறவைத்து, வெட்டு நிகழும் இடைநிலையையே படமாகப் பிடித்து 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

நம்மவர்க்கும் இக்கதைக்கும் உள்ள உறவை மறைத்துப் பயனில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில், 1986-ஆம் ஆண்டில். டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டன. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் சென்றவர்களிடையே நோயும் சென்றது. நோயைவிட வேகமாகப் பழிச்சொல் சென்றது. வெளியூரில் வாழும் தமிழர் பலர் இதைக் கண்டிருப்பர். சொந்த மொழி பேசுவார் காதில் விழுந்துவிடுமோ என்றே மருத்துவமனைக்குப் போகாதவர் உண்டு. நம் மக்களின் இந்தக் கூச்சம் வைரசுக்குச் செய்யும் உதவியை வேறெதுவும் செய்வதில்லை என்பது நம் கருத்து. நோயாளியை வேலையிலிருந்து நீக்குவதையும் வீட்டைவிட்டு வெளியேற்றுவதையும் தடுக்கும் சட்டம் 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

அரசாங்கம் 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி தொடங்கி இலவச மருந்து அளித்து வருகிறது. முதற்படி மருந்து பயன்படாதவர்களுக்கு இரண்டாம் படி மருந்தை, அதாவது நாம் இதுவரை பேசிய நொதித் தடுப்பு மருந்தை உள்ளிட்ட சிகிச்சையை, 2008-ஆம் ஆண்டில் இரண்டே இடங்களில் தொடங்கினார்கள். ஒன்று தாம்பரத்து அரசு மருத்துவமனை. மற்றொன்று மும்பை ஜே. ஜே. மருத்துவமனை. பின்னர் அது பிற மாநிலங்களுக்கும் விரிந்தது. ஊர் மாறிச் செல்பவர் மருந்தை நிறுத்திவிட வேண்டியதில்லை. இருக்கும் மையத்தில் சொல்லி மாற்றுக் குறிப்புப் பெற்றுச் சென்றால், போகும் ஊரின் மையத்தில் சிகிச்சை தொடரும். விவரம் வேண்டுவோர் 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் கேட்கலாம், பெயர் சொல்லவேண்டுவதில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படுகிறவர்கள், இரயில் தாமதமானாலும் போதும்படியாக, நான்கு நாள் மருந்தை அதிகமாகவே கையில் எடுத்துக்கொள்வது நல்லது.